மாங்கா இல்லாத மாசங்கள்ல படிச்சது

போன சீசன் முடிஞ்சதுல இருந்து நான் படிச்சதெல்லாம் ஒண்ணு நாவல், இல்லன்னா தன்வரலாறு. பிளான் பண்ணியெல்லாம் படிக்கல, தர்மபுரி புத்தகத் திருவிழாவுல வாங்கி வெச்சதும் ஆபீஸ்ல ஒரு அக்காகிட்ட இரவல் வாங்கினதும் கையில கிடைச்ச வரிசை அப்படி அமைஞ்சுது. சீசன்னா எங்களுக்கு மாங்கா சீசன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில கணக்கு பாக்கறேன். மே மாசம் ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் தலை நிமிர முடியாது, லோடு லோடா பெங்களூரா மாங்கா வந்து வே பிரிட்ஜ் முன்னாடி வரிசை கட்டி நிக்கும், ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு காரிமங்கலத்துல பஸ் இறங்கும்போது கூட சுடிதார்ல பழ வாசனை போகாது. அதுக்கப்புறம் மிச்ச மாசமெல்லாம் பில்லு, ஜிஎஸ்டி, பழைய பாக்கி, அவ்வளவுதான். அப்பதான் புக்கு.

இப்படி நாவலும் தன்வரலாறும் மாத்தி மாத்தி படிச்சதுல ஒரு விஷயம் மண்டைக்குள்ள உக்காந்துக்கிச்சு. தன்வரலாறு கையில எடுத்ததுமே ஒண்ணு தெரிஞ்சுடுது, இந்த ஆள் தப்பிச்சுட்டார். எவ்வளவு அடி வாங்கினாலும் பட்டினி கிடந்தாலும் கடைசியில பேனா எடுத்து எழுதுற அளவுக்கு உசிரோட வந்து சேந்துட்டார், அட்டையில பேரு இருக்கே. நாவல்ல அந்த தைரியம் கிடையாது, யாரு வேணா செத்துப் போகலாம், அதுவும் நமக்குப் புடிச்ச ஆளுங்கதான் மொதல்ல. ஆனா தன்வரலாறு எழுதுறவங்களால அம்மாவை, அண்ணனை, ஊரை ஒரு அளவுக்கு மேல விட்டுக்கொடுக்க முடியாது. நாவல் எழுதுறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல. இது பெரிய கண்டுபிடிப்பெல்லாம் இல்லன்னு தெரியும், ஆனா ஒரே எழுத்தாளரோட ரெண்டு புக்கை அடுத்தடுத்து படிச்சப்பதான் எனக்கு இது உறைச்சுது.

அந்த ரெண்டும் பெருமாள்முருகனோடது. பூக்குழி, 2013ல வந்த நாவல். தோன்றாத் துணை, அவங்க அம்மாவைப் பத்தி எழுதின கட்டுரைங்க.

பூக்குழி கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், 2023ல அதோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் நீண்ட பட்டியலுக்குப் போனப்ப பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. குமரேசன் தோலூருக்குப் போயி சோடாக்கடையில தொழில் கத்துக்கறான், அங்க எதிர்ல குடியிருக்கிற சரோஜாவைக் கட்டிக்கிட்டு காட்டுப்பட்டிக்குக் கூட்டிட்டு வர்றான். பஸ்ஸை விட்டு இறங்கி ரெண்டு பேரும் வெயில்ல ஊருக்கு நடக்கறதுலதான் கதை ஆரம்பிக்குது. அவ என்ன சாதின்னு ஊரே கேக்குது, கேட்டுக்கிட்டே இருக்குது. நாவல் முழுக்க ஒரு சாதி பேரு கூட வராது. இதை சிலர் குறையா சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். பேரு போட்டிருந்தா எங்க பக்கம் படிக்கிறவங்க "அது அவங்க ஊர் விவகாரம்பா"ன்னு புக்கை மூடி அந்தாண்ட வெச்சிருப்பாங்க. பேரு இல்லாததால தப்பிக்க வழியில்ல, யாரு படிச்சாலும் அவங்கவங்க ஊரைத்தான் போட்டு நிரப்பிக்கணும்.

எனக்கு நிரப்பிக்கற வேலையும் இல்லாம போச்சு. இந்த நாவலை இளவரசனுக்கு சமர்ப்பணம் பண்ணியிருக்காரு, சாதி மாறி கல்யாணம் பண்ணிக்கிட்ட எங்க மாவட்டத்து தலித் பையன். அந்தக் கல்யாணத்தை வெச்சு 2012 நவம்பர்ல நத்தம் காலனியும் பக்கத்து காலனிங்களும் எரிஞ்சதும், 2013 ஜூலை 4ஆம் தேதி தர்மபுரி கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ் பின்னாடி தண்டவாளத்துல அந்தப் பையன் பிணமா கிடந்ததும் எங்க மாவட்டத்துல யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. தெரிய வேண்டியதில்லன்றதாலேயே யாரும் பேசுறதும் இல்ல. கல்யாணத்துல, பஸ்ல, ஆபீஸ்ல, எங்கயும் அந்தப் பேச்சு வந்தா யாராவது ஒருத்தர் டீ சொல்லிடுவாங்க. வெளியூர்ல இருந்து ஒருத்தர் நாவல் எழுதி முதல் பக்கத்துல அந்தப் பேரைப் போட்டுட்டாரு, நாங்க இங்கயே இருந்துக்கிட்டு பேரைச் சொல்ல கூச்சப்படறோம்.

சரி, மாராயி விஷயத்துக்கு வரேன். மாராயி குமரேசனோட அம்மா. புருஷன் இல்லாம ஒத்தையா பாடுபட்டு பையனை வளர்த்தவ. மருமவ வந்த நிமிஷத்துல இருந்து வாய் மூடாம திட்றா, ஒப்பாரி வெக்கறா, பாறை மேல இருக்கிற அந்தக் குடிசையில சரோஜாவுக்கு நிழலும் கிடையாது, காதுக்கு நிம்மதியும் கிடையாது. இதைப் படிச்சது தை மாசம் போயி மாசி வந்த சமயம், வீட்டுல புளி தட்டற வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு. எங்க அத்தை கொட்டை எடுத்துக்கிட்டே "என்னடி அப்படி முழுங்கற புக்கை, சத்தமா படி"ன்னாங்க. மாராயி திட்ற பக்கமா பாத்து படிச்சேன். அத்தை ஓட்டைத் தட்டறதை நிறுத்தாம சிரிக்கிறாங்க. "இதெல்லாம் ஒரு திட்டா, எங்க மாமியா கிட்ட இவ டியூஷன் படிக்கணும்." கூட உக்காந்திருந்த பக்கத்து வீட்டு பெரிம்மாவும் அவங்க பங்குக்கு ரெண்டு சொன்னாங்க, அதை இங்க எழுத முடியாது.

அப்புறம் கடைசி பகுதி. வயித்துல புள்ளையோட தனியா இருக்கிற சரோஜாவை முடிக்கறதுக்கு ஊர் ஆளுங்க வர்றாங்க, மாராயியும் சேந்துதான். அவ முள்ளுப் புதருக்குள்ள போயி ஒளிஞ்சுக்கறா, அவங்க புதரைச் சுத்தி நெருப்பு வெக்கறாங்க. அப்ப தூரத்துல சைக்கிள் வர்ற மாதிரி அவளுக்குக் கேக்குது. கதை முடிஞ்சுது. அத்தை கையை துடைச்சுக்கிட்டு கேட்டாங்க, "சைக்கிள் வந்துச்சா வரலியா?" தெரியல அத்தை, அதோட முடிச்சுட்டாரு. "அதெப்படி முடிப்பான்? அடுத்த பக்கம் பாரு." அடுத்த பக்கம் இல்ல. அத்தைக்கு ஒப்பல, வந்திருப்பான், கண்டிப்பா வந்திருப்பான், சோடா விக்கற பையன் வேகமாத்தான் சைக்கிள் ஓட்டுவான்னு அவங்களே முடிவு கட்டிட்டாங்க. இவ்வளவு நேரம் மாராயி கட்சியில இருந்தவங்க. நானும் அத்தையும் இந்த ஒரு சைக்கிளைப் பத்தி அதுக்கப்புறமும் சண்டை போட்டிருக்கோம், அவன் வந்திருந்தாலும் அத்தனை பேரை ஒத்தையா என்ன பண்ணியிருக்க முடியும்னு நான் கேட்டா அத்தைக்கு கோவம் வந்துடும்.

இதை முடிச்ச கையோட தோன்றாத் துணை எடுத்தேன். இங்கயும் ஒரு அம்மா, இங்கயும் சோடாக்கடை. அவங்க அப்பா சினிமா தியேட்டர்ல சோடாக்கடை வெச்சிருந்தாராம். அட, குமரேசனுக்கு சோடா எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப தெரியுதே! நிழல்முற்றம்னு ஒரு பழைய நாவல் இருக்கு, அது முழுக்க தியேட்டர்ல சோடா, முறுக்கு விக்கற பசங்க கதை, அதுவும் இங்க இருந்துதான் வந்திருக்கணும். ஆனா என்னை நிறுத்தி வெச்சது சோடா இல்ல, அம்மா. காட்டு வேலை, ஆடு மாடு, ஒத்த ரூபாயை ரெண்டா ஆக்கற சிக்கனம், யார் கிட்டயும் கை நீட்டாத வீறாப்பு. மகன் எவ்வளவு மரியாதையா எழுதறாருன்னா, நமக்கே நம்ம அம்மாவுக்கு ஒரு போன் போடணும்னு தோணும், போட்டேன், "காசு கீசு வேணுமா"ன்னு கேட்டாங்க. அப்பதான் எனக்கு ஒண்ணு பட்டுச்சு. மாராயியும் இதே உழைப்புதான் உழைச்சிருப்பா. அதே வெயிலு, அதே காடு, அதுலயும் புருஷன் துணையில்லாம ஒரு பையனை ஆளாக்கி இருப்பா. ஒருத்தி நெருப்பு வெக்க வர்றா, இன்னொருத்தியைப் பத்தி மகன் கண்ணு கலங்கி எழுதறாரு. மாராயியை ஒரு மகன் தன்வரலாறா எழுத முடியுமா? எங்க அம்மா என் பொண்டாட்டியை எரிக்க வந்தான்னு எவன் எழுதுவான்? எழுத மாட்டான். எழுதறதுக்கு மனசு வந்தாலும் மாமன் மச்சான் விட மாட்டாங்க. அதுக்குத்தான் நாவல் இருக்குதுன்னு நினைக்கறேன், வீட்டுல இருக்கறவங்களைப் பத்தி உண்மை சொல்றதுக்கு.

அத்தை கிட்ட தோன்றாத் துணை பத்தியும் சொன்னேன். "நல்ல பையன்"ன்னாங்க.

செல்லாத பணம் பத்தி கொஞ்சமா சொல்லிட்டு போயிடறேன், ஏன்னா அதை நினைச்சா இன்னும் ஒரு மாதிரி இருக்கு. இமையம் எழுதினது, 2020க்கான சாகித்ய அகாடமி வாங்கின நாவல். இன்ஜினியரிங் படிச்ச ரேவதி ஒரு ஆட்டோ டிரைவரைக் கட்டிக்கறா, தீக்காயத்தோட பாண்டிச்சேரி ஜிப்மர்ல கிடக்கறா, அப்பா அம்மா அண்ணன் எல்லாம் வார்டுக்கு வெளிய உக்காந்திருக்காங்க. பாதிக்கு மேல புக்கு அந்த உக்காந்திருக்கறதுதான். அவளே வெச்சுக்கிட்டாளா அவன் வெச்சானான்னு கடைசி வரைக்கும் நமக்கு விளங்காது, யார் சொல்றதையும் நம்ப முடியல. பேச்சு பேச்சு பேச்சு, ஒரே விஷயத்தை திரும்பத் திரும்பப் பேசறாங்க, எடிட் பண்ணியிருக்கலாமேன்னு எனக்கு ரெண்டு எடத்துல எரிச்சலே வந்துச்சு. ஆனா பெரியாஸ்பத்திரி வராண்டாவுல ஒரு ராத்திரி இருந்தவங்களுக்குத் தெரியும், அங்க அப்படித்தான் பேசுவாங்க. டாக்டர் வந்தாரா, என்ன சொன்னாரு, காசு எடுத்துட்டு வந்தியா, டாக்டர் வந்தாரா. சரியா புடிச்சிருக்காரு, புடிச்சதாலேயே மறுபடி படிக்க மாட்டேன்.

கருக்கு நான் ரொம்ப லேட்டா படிச்சவ, பாமாவோட தன்வரலாறு, 1992ல வந்த புக்கு. பாமா எழுதற தமிழைப் பாத்ததும் மொதல் ரெண்டு பக்கம் தடுக்குச்சு, அவங்க தென்பக்கம், வத்திராயிருப்பு பக்கத்து ஊர், நம்ம பேச்சு வேற. அப்புறம் பழகிருச்சு, பழகின பிறகு அந்தத் தமிழ்லதான் இதைச் சொல்ல முடியும்னு ஆயிடுச்சு. அந்த வடைப் பொட்டலம் சீன் எல்லாரும் சொல்றதுதான், ஆனா படிக்கும்போது நேரா மேல விழுது. அவங்க தெருப் பெரியவர் ஒருத்தர் பொட்டலத்தைக் கையால தொடாம சணல்ல புடிச்சு தூக்கிட்டு வந்து நாயக்கர் கிட்ட குடுக்கறாரு. சின்னப் புள்ளை பாமாவுக்கு அந்த நடையைப் பாத்து சிரிப்பா வருது, வீட்டுல வந்து சொல்லி சிரிக்குது. அண்ணன் தான் விளக்கம் சொல்றாரு, ஏன் சணல்ல புடிச்சாருன்னு. அதோட சிரிப்பு போச்சு. என்னை கேட்டா இந்த ஒரு பக்கத்தை எந்த நாவலாலயும் இப்படி பண்ண முடியாது. நாவல்ல வந்தா எழுத்தாளர் கோத்து வெச்ச காட்சியா தெரியும், இங்க அந்தப் புள்ளை நிஜமாவே சிரிச்சிருக்கு.

ஆனா இதுலயும் அந்த விட்டுக்கொடுக்கற சங்கதி இருக்கு பாருங்க. புக்கு வந்த புதுசுல சொந்த ஊர் ஜனங்களே கோவிச்சுக்கிட்டாங்கன்னு பாமாவே பேட்டியில சொல்லியிருக்காங்க, நம்ம கஷ்டத்தை ஊருக்கே போட்டுக் காட்டிட்டாளேன்னு. அதுவும் புனைபேர்ல எழுதி, தன் பேரைக் கூட உள்ள சொல்லாம. கான்வென்ட்ல கன்னியாஸ்திரியா இருந்துட்டு வெளிய வந்து நின்ன நேரத்துல எழுதினது, கையில வேலை இல்ல, போக்கிடமும் இல்ல. தப்பிச்சு வந்தவங்க எழுதினதுன்னு மேல சொன்னேன்ல, கருக்கு படிச்சா அந்தத் தப்பிச்சது எவ்வளவு அரைகுறைன்னு தெரியும்.

கே.ஏ.குணசேகரனோட தன்வரலாறு வடு, சின்ன புக்கு, ரெண்டு பஸ் பயணத்துல முடிஞ்சுடும். இளையான்குடி பக்கம் அவர் சின்ன வயசு. முஸ்லிம் தெருவுல தான் எப்படி நடந்தேன், சொந்தக்காரங்க இருக்கிற கிராமத்துக்குப் போனா எப்படி நடக்க வேண்டியிருந்துச்சுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு போறாரு. அலட்டல் கிடையாது. அவர் பாட்டுக்காரர், நாட்டுப்புறப் பாட்டுல பெரிய ஆளு, 2016ல காலமாயிட்டார், அந்தப் பாட்டுக்காரரோட நடைதான் புக்குலயும், சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு அடுத்ததுக்குத் தாவிடறாரு. எனக்கு இன்னும் கொஞ்சம் நின்னு சொல்லியிருக்கலாமேன்னுதான் இருந்துச்சு.

இப்ப சோளகர் தொட்டி. ச.பாலமுருகன் எழுதினது, வக்கீல், மனித உரிமை வேலை பாக்கறவரு. 2004ல வந்துச்சு. அதே 2004 அக்டோபர்லதான் எங்க பாப்பாரப்பட்டி பக்கம் வீரப்பனைச் சுட்டாங்க. நாவல் சத்தியமங்கலம் காட்டுல இருக்கிற சோளகர்ங்கற பழங்குடி ஜனங்களைப் பத்தினது. மொத பாதியில காடு, தேனு, ராகிக் காடு, சாமி, பாட்டு, கொஞ்சம் கொஞ்சமா நிலம் கைமாறிப் போறது. ரெண்டாவது பாதியில வீரப்பனைத் தேடற அதிரடிப்படை வந்துடுது. மாதேஸ்வரன் மலையில சித்திரவதை பண்ற எடத்துக்கு ஒர்க் ஷாப்னு பேரு. மாதியையும் அவ பொண்ணு சித்தியையும் அங்க கொண்டு போன பிறகு நான் பக்கத்தை எண்ண ஆரம்பிச்சுட்டேன், இன்னும் எவ்வளவு இருக்குது, எப்ப வெளிய விடுவாங்கன்னு. இலக்கியமா பாத்தா மொத பாதிதான் நல்லா எழுதின பாதி, ரெண்டாவது பாதி வாக்குமூலம் மாதிரி போகுதுன்னு சொல்றவங்க இருக்காங்க. இருக்கட்டுமே. சில சமயம் வாக்குமூலம் மாதிரி போறதுதான் சரி.

இதை நான் மத்தியானம் கேட் பக்கம் இருக்கிற புளியமரத்தடியில உக்காந்து படிச்சிட்டு இருந்தேன். எங்க வாட்ச்மேன் அண்ணன் அரூர் பக்கம், அறுபது தாண்டின ஆளு. "என்னம்மா, காட்டுக் கதையா?"ன்னாரு. வீரப்பனைத் தேடினப்ப நடந்த கதைண்ணா. அவர் பீடியை அணைச்சுட்டு, "வீரப்பனைத் தேடித்தான் வரணும்னு இல்லம்மா, சந்தனக்கட்டைன்னு சொல்லி எங்க பக்கமே என்னென்ன பண்ணாங்க, வாச்சாத்தி தெரியுமில்ல?" தெரியும்ணா. "என்ன தெரியும், தேதி சொல்லு." 1992 ஜூன் 20. "ம்" அப்படின்னாரு, பரிட்சை பாஸ் பண்ண மாதிரி.

சித்தேரி மலை அடிவாரத்துல இருக்கிற ஊரு அது. சந்தனக்கட்டை பதுக்கி வெச்சிருக்காங்கன்னு சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க சேந்து உள்ள போனாங்க, வீடுங்களை நாசம் பண்ணாங்க, 18 பொண்ணுங்களை பாலியல் வன்கொடுமை பண்ணாங்க. குற்றம் சாட்டப்பட்டவங்க 269 பேரு, அத்தனை பேரும் அரசாங்க ஆளுங்க. 2011 செப்டம்பர் 29ல தர்மபுரி கோர்ட்டு எல்லாரையும் குற்றவாளின்னு சொன்னப்ப அதுல 54 பேரு செத்தே போயிருந்தாங்க, மிச்சம் 215. ஹைகோர்ட்டு அந்தத் தீர்ப்பை உறுதி பண்ணது 2023ல, அதுவும் செப்டம்பர் 29. அண்ணன் சொன்னது என்னன்னா, "அந்தப் பொம்பளைங்க கோர்ட்டுல நின்னு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்காங்கம்மா, வருஷக்கணக்கா, ஒரு வார்த்தை மாறினா பொய்னுடுவாங்க." அதைக் கேட்டப்புறம்தான் நான் மேல சொன்ன நாவல் தன்வரலாறு கணக்கெல்லாம் கொஞ்சம் ஆட்டம் கண்டுச்சு. அவங்களும் தப்பிச்சவங்கதான், சொந்த வாயால சொன்னவங்கதான், ஆனா பாமா மாதிரி சிரிச்சுக்கிட்டு ஒரு எடத்துல ஆரம்பிச்சு இன்னொரு எடத்துல விட்டுட்டுப் போற வசதி அவங்களுக்கு இல்ல. வக்கீல் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில். சின்ன வயசுல என்ன விளையாடினீங்க, சித்தேரியில மழை எப்படி பெய்யும்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

நடுவுல சூல் படிச்சேன், சோ.தர்மன், இதுவும் சாகித்ய அகாடமி. உருளைக்குடி கண்மாயும் அதை நம்பி இருக்கிற ஊரும். கதைன்னு ஒரு கோடு கிடையாது, திண்ணையில பெரியவர் ஒண்ணுல இருந்து ஒண்ணு சொல்லிட்டே போற மாதிரிதான், நடுவுல நம்ம தூங்கி எழுந்தா கூட பரவால்ல. எங்க பக்கம் ஏரி எல்லாம் பேருக்கு ஏரி, போர் போட்டா ஃப்ளோரைடு தண்ணி, பல்லுல காவி ஏறின ஒரு தலைமுறையே இருக்கு. அதனால எனக்கு அந்தக் கண்மாய் நிரம்பற பக்கமெல்லாம் சினிமா மாதிரி இருந்துச்சு.

கடைசியா முடிச்சது எரியும் பனிக்காடு. டாக்டர் பி.எச்.டேனியல் 1969ல இங்கிலீஷ்ல எழுதினது, இரா.முருகவேள் தமிழ்ல கொண்டு வந்தாரு. டேனியல் டீ எஸ்டேட்ல டாக்டரா இருந்தவரு, கண்ணால பாத்ததை வெச்சு, அதுக்கு முந்தின தலைமுறையோட கதையை நாவலா எழுதிட்டாரு. கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து மேஸ்திரி குடுக்கற முன்பணத்தை வாங்கிட்டு வால்பாறை மலை ஏறறாங்க, அந்த முன்பணம் கழியவே கழியாது. கருப்பன் வள்ளி மாதிரி ஜனங்க எழுதி வெக்கல, எழுதத் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் அந்தக் குளிருல யாரு எழுதறது. டாக்டர் எழுதினாதான் உண்டு.

முன்பணம்னு படிச்சதும் எனக்கு எங்க சித்தி பையன் ஞாபகம்தான். பென்னாகரம் பக்கம், பெங்களூருக்கு பில்டிங் வேலைக்குப் போறவன், மேஸ்திரி கிட்ட அட்வான்ஸ் வாங்கி அக்கா கல்யாணத்துக்குச் செலவு பண்ணி இன்னும் அடைச்சுக்கிட்டு இருக்கான். அவன் டைப் பண்ண மாட்டான், வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜ்தான், ஒவ்வொண்ணும் முழ நீளம். ஷெட்டுல ராத்திரி மழை ஒழுகினது, கான்கிரீட் போடற அன்னிக்கு மட்டும் பிரியாணி, ஒடிசா பசங்க கிட்ட இவன் இந்தி கத்துக்கிட்டது, லிஃப்ட் குழிக்குள்ள ஒருத்தன் விழுந்தப்ப மேஸ்திரி போனை ஆஃப் பண்ணிட்டு ஊருக்கு ஓடினது. நடுநடுவுல சிமெண்ட் மிக்ஸர் சத்தம். என்னாமா சொல்றான், நிறுத்தி நிறுத்தி, எங்க சிரிக்கணும்னு அவனுக்குத் தெரியுது. டேனியல் புக்கு பத்தி அவனுக்குச் சொல்லிட்டு, டேய் நீ சொல்றதையெல்லாம் நான் டைப் அடிச்சு வெக்கட்டுமா, உன் பேருலயே போடலாம், உன் கதை, உன் பேருன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் டைப்பிங்னு காட்டுச்சு, அப்புறம் எப்பவும் போல வாய்ஸ்தான் வந்துச்சு. "போடுக்கா. ஆனா மேஸ்திரி பேரை மாத்திடு, ஊர் பேரையும் மாத்திடு, லிஃப்ட் குழி அபார்ட்மென்ட் பேரு வேணாம். என் பேரும் எதுக்குக்கா? திரும்பவும் நான் அந்த ஆளு கிட்டயேதான் வேலைக்குப் போகணும்."